மார்கழிக் குளிர், மொட்டைமாடி வெயில், கூடவே ஒரு சிலிண்டர்... காரியாபட்டி வீட்டு நீச்சல் குளத்தின் வெந்நீர்க் கணக்கு!

"காரியாபட்டியில நீச்சல் குளத்துக்கு ஹீட்டரா?"

இந்தக் கட்டுரை பற்றி ஆபீஸில் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். குடிதண்ணீர் லாரி எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்த ஊர். அங்கே நீச்சல் குளமே அதிகம், அதற்கு வெந்நீர் வேறா என்று சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

விஷயம் என் பெரியப்பா வீட்டில் ஆரம்பித்தது. வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில், காரியாபட்டியை ஒட்டி வீடு கட்டியிருக்கிறார். பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தண்ணீரில் நின்று பயிற்சி செய்தால் மூட்டில் பாரம் குறையும் என்று டாக்டர் சொல்ல, தோட்டத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழத்தில் குளம் தயாராகிவிட்டது. ஆடி வரை பிரச்னை இல்லை. கார்த்திகை பிறந்ததும் பெரியம்மா தண்ணீரில் காலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். அதோடு சரி.

குளம் கட்டிக்கொடுத்தவர் கேஸ் ஹீட்டர் ஒன்றுக்குக் கொட்டேஷன் கொடுத்தார். இன்னொருவர் வந்து, கேஸ் எதற்கு, மொட்டைமாடி முழுக்க சோலார் போட்டுவிடலாம் என்றார். மூன்றாவதாக ஒருவர் இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்றார். பெரியப்பா மூன்று காகிதத்தையும் என் கையில் கொடுத்து, "ஏத்தா, நீதான் நெட்டுல எழுதுறவ... எது சரின்னு பாத்துச் சொல்லு" என்றார்.

"மூட்டுக்கு ஒத்தடம் குடுக்க ஒரு அண்டா வெந்நி போதாதாக்கும்" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் வந்தது.

பார்த்தேன். குளம் இல்லாத, பாத்ரூமில் ஒரு கீசர் மட்டும் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் தேவையான விஷயங்கள் இதற்குள் இருந்தன. அதனால் இந்தக் கட்டுரை.

ஒரு டிகிரிக்கு எவ்வளவு?

பெரியப்பா வீட்டுக் குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி என்றால் நாலு லோடு. இவ்வளவு தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க சுமார் 56 யூனிட் வெப்பம் வேண்டும். கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்.

மார்கழிக் காலையில் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். போட்டி நீச்சல் குளங்களில் 25 முதல் 28 டிகிரி வரை வைக்கிறார்கள். வேகமாக நீந்துகிறவர்களுக்கு அது போதும். மெதுவாக நடந்து பயிற்சி செய்யும் 60 வயதுக்காரருக்கு 28 டிகிரிகூடக் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். இருந்தாலும் முதல் இலக்காக 28-ஐ வைப்போம். நாலு டிகிரி ஏற்ற 224 யூனிட்.

ஹோட்டல்களில் பார்க்கும் 19 கிலோ நீல சிலிண்டர் ஒன்றில் சுமார் 240 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஹீட்டரில் வீணாவது போகத் தண்ணீருக்கு 200 யூனிட் சேர்ந்தால் அதிகம். அதாவது, குளத்தை ஒருமுறை 28 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு சிலிண்டர் முழுசாகத் தீர்ந்து, இரண்டாவதையும் திறக்க வேண்டும். இந்த சிலிண்டரின் விலை மாதாமாதம் 1-ம் தேதி மாறும். நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒருமுறைதானே, செய்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த நாள் காலையில் அந்தச் சூடு எங்கே போகிறது என்று பார்த்தபோதுதான் கதை மாறியது.

பத்துக் குடம் தண்ணீர், அரை சிலிண்டர் கேஸ்

திறந்து கிடக்கும் குளத்திலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 32 சதுர மீட்டர் பரப்புக்கு 160 லிட்டர். குடத்தில் சொன்னால் பத்துக்கு மேல். மாதத்துக்கு 4,800 லிட்டர்.

தண்ணீர் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு லிட்டரும் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. 160 லிட்டருக்கு 108 யூனிட். அரை சிலிண்டருக்கு மேல். தினமும்! வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறதே, மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதே, அதே வேலை. நம் காசில் சூடாக்கிய குளம், இரவெல்லாம் ஒரு பெரிய மண்பானையாக வேலை செய்கிறது.

திறந்தவெளிக் குளங்கள் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவிகிதம் ஆவியாதலால்தான் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. குளத்துக்கு மூடி போட்டால் சூடாக்கும் செலவில் 50 முதல் 70 சதவிகிதம் மிச்சமாகும் என்பதும் அதே துறையின் கணக்கு. பார்சல் சுற்றி வருமே குமிழ் குமிழாக ஒரு பிளாஸ்டிக், அதன் தடித்த அண்ணன் போல இருக்கும் பபிள் கவர். குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொடும்படி விரித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று கொட்டேஷனிலும் இந்தக் கவர் இல்லை. மூன்றையும் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். ஹீட்டர் இருந்தது, பேனல் இருந்தது, கலர் கலராக லைட்டுகூட இருந்தது.

குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் முகம் காட்டும் தாலுகா இது. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டியதை இன்னும் நம்பிக்கையோடு பேசிக்கொண்டிருக்கும் ஊர்களில், பத்துக் குடம் தண்ணீரை தினமும் காற்றில் விடுவது பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் செய்கிற காரியமா? ஹீட்டர் வாங்குகிறீர்களோ இல்லையோ, கவரை முதலில் வாங்குங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒரு எச்சரிக்கை: இந்தக் கவர் ஆள் பாரம் தாங்காது. மேலே ஏறினால் சுருட்டிக்கொண்டு உள்ளே இழுத்துவிடும். வேலி தனியாக வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்

கவருக்குப் பிறகு சோலார். இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்றியதற்கு மழை குறைந்த இந்த வறண்ட வானிலையும் ஒரு காரணம். மருந்து திணித்த சரங்களைக் காய வைக்க வெயிலை நம்பித்தான் தொழிலே நடக்கிறது. காரியாபட்டியிலிருந்து தெற்கே போனால் வரும் கமுதியில் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் 2016-ல் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய நிலையம் என்று பேசப்பட்டது.

ஆனால் கமுதியில் இருப்பது வேறு, குளத்துக்குப் போடுவது வேறு. அது கரண்ட் தயாரிக்கும் பேனல். குளத்துக்குப் போடுவது மேலே கண்ணாடிகூட இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் பாய். உள்ளே நூற்றுக்கணக்கில் மெல்லிய குழாய்கள் ஓடும். குளத்து மோட்டாரே தண்ணீரை மாடிக்கு ஏற்றும். அது குழாய்களில் ஓடி, வெதுவெதுப்பாகிக் கீழே இறங்கும். மதியம் ரோட்டோரம் கிடக்கும் கறுப்பு ஹோஸைத் திறந்தால் முதலில் வெந்நீர் வருமே, அதேதான். பாத்ரூம் சோலார் ஹீட்டர் மாதிரி 60 டிகிரி தேவையில்லை, 28 போதும் என்பதால் இந்த எளிய பாய் போதுமானது. விலையும் குறைவு.

(இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மத்திய அரசின் 2024 சூர்ய கர் திட்டத்தில் கிடைக்கும் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கரண்ட் பேனலுக்குத்தான். வெந்நீர்ப் பாய்க்குக் கிடையாது. கிடைக்கும் என்று ஒரு கொட்டேஷனில் பென்சிலால் எழுதியிருந்தது!)

குளத்தின் பரப்பில் பாதியிலிருந்து முழு அளவு வரை பேனல் பரப்பு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பெரியப்பா வீட்டுக்கு 20 சதுர மீட்டர் போட்டால், அரை சென்ட் இடம். தெற்குப் பார்த்து, குளிர்காலத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாக, 20 முதல் 25 டிகிரி வரை சாய்த்து வைக்கலாம். நல்ல வெயில் நாளில் இது 45 முதல் 50 யூனிட் வரை தரும். குளம் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். கவர் போட்டு வைத்தால் ஐந்தாறு நாளில் 28-ஐ எட்டிப் பிடிக்கலாம். கேஸ் செலவு சுத்தமாக இல்லை.

இந்தக் கறுப்புப் பாய்க்கு நான் எதிர்பார்க்காத இன்னொரு வேலையும் உண்டு. சித்திரை, வைகாசியில் குளத்துத் தண்ணீரே வெந்நீர் மாதிரி ஆகிவிடும் இல்லையா? அப்போது பகலில் பாயை நிறுத்திவிட்டு, இரவில் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டால், சூடு வானத்துக்குப் போய்த் தண்ணீர் குளிரும். வருஷத்தில் இரண்டு மாதம் சூடு, நாலு மாதம் குளிர்ச்சி! காரியாபட்டிக்கு இந்த இரண்டாவது வேலைதான் அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் கேஸ் எதற்கு?

வடகிழக்குப் பருவமழைக்காக. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் மாடிப் பாய் சும்மா கிடக்கும். குளிர் ஆரம்பிப்பதும் அப்போதுதான், பெரியம்மாவின் மூட்டு அதிகம் வலிப்பதும் அப்போதுதான். அந்த நாலு நாளைச் சமாளிக்க இன்னும் 20 சதுர மீட்டர் பாய் வாங்கி மாடியை அடைப்பதில் அர்த்தமில்லை. 30 கிலோவாட் கேஸ் ஹீட்டர் ஒன்று 24 டிகிரி தண்ணீரை ஏழு, எட்டு மணி நேரத்தில் 28-க்குக் கொண்டுவந்துவிடும். மழையும் இரவும் அதற்குக் கணக்கில்லை.

பெரிய சமையல்கூடங்கள் இந்த ஏற்பாட்டை ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கின்றன. ஆரோவில்லில் 1997-ல் தொடங்கிய சோலார் கிச்சனின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள பிரமாண்ட கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. வெயிலில் அது நீராவி தரும். மூட்டமான நாளில் டீசல் பாய்லர் கைகொடுக்கும். ஷீரடி சாய்பாபா கோயிலில் 2009-ல் 73 சோலார் டிஷ்களை ஏற்கெனவே இருந்த பாய்லரோடு இணைத்தார்கள். வருஷத்துக்கு சுமார் 1 லட்சம் கிலோ எல்.பி.ஜி மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். இரண்டு இடத்திலுமே பழைய பாய்லரை உடைத்துப் போடவில்லை. வெயில் இருக்கும்வரை அதற்கு வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குளத்திலும் அதே வரிசை. மோட்டார், ஃபில்டர், அடுத்து சோலார், அதற்கப்புறம் கேஸ் ஹீட்டர், கடைசியில் குளோரின் கலக்கும் கருவி. சோலார் தந்த சூடு போகக் குறைவதை மட்டும் கேஸ் நிரப்ப வேண்டும். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் கேஸ் சூடாக்கிய தண்ணீர் மாடிக்குப் போகும். சாயங்காலமானால் அங்கே ஆறிப்போய் இறங்கும். ஒரு கொட்டேஷன் படத்தில் அப்படித்தான் வரைந்திருந்தது.

இன்னொரு சின்ன சூட்சுமம். சோலாரை 29 டிகிரிக்கும் கேஸை 27-க்கும் செட் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால், காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஹீட்டர் பற்றிக்கொண்டு சிலிண்டரைத் தின்றுவிடும். பத்து மணி வரை பொறுத்திருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும் சூடு அது.

நம் ஊர் போர் தண்ணீருக்காக இரண்டு வார்த்தை. உப்பும் சுண்ணாம்பும் அதிகமிருந்தால் ஹீட்டரின் செம்புக் குழாயில் டீ பாய்லர் மாதிரி வெள்ளையாகப் படியும், கேஸ் கூடுதலாகப் பிடிக்கும். தண்ணீரின் பி.ஹெச் அளவு 7.2-க்குக் கீழே இறங்கினால் அதே செம்பு அரித்துப்போகும். வாராவாரம் டெஸ்ட் செய்வது ஹீட்டருக்குச் செய்யும் உபகாரம்.

குழிக்குள் சிலிண்டர்

இந்த இடத்தில்தான் நான் சிரிப்பை நிறுத்தினேன்.

பெரியப்பா வீட்டு மோட்டார் ரூம் தரைக்குக் கீழே, நாலடிப் பள்ளத்தில் இருக்கிறது. மேலே இரும்புத் தகடு மூடி. குளங்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அமைப்பார்கள். கேஸ் ஹீட்டரையும் சிலிண்டரையும் அதே ரூமில் வைத்துவிடலாம், வெளியே தெரியாது, அழகாக இருக்கும் என்று முதல் கொட்டேஷன்காரர் சொல்லியிருக்கிறார்.

எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். அந்த ரூமுக்குள் இறங்கினால் வெளியே வர வழியில்லை. குளத்து மோட்டாரின் சுவிட்சும் அங்கேதான். ஒரு பொறி போதும். இதற்கு மேல் விருதுநகர் மாவட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் நாம் படிக்கும் செய்திகள் இருக்கின்றன.

ஹீட்டரும் சிலிண்டரும் திறந்த வெளியில், தரைக்கு மேலே, பள்ளத்திலிருந்தும் சாக்கடை வாயிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். சமையலுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை இதற்கு இழுக்கக் கூடாது. 30 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு மூன்று கிலோ அளவுக்கு கேஸ் கேட்கும். ஒற்றை சிலிண்டரால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாமல் வெளிப்புறம் பனி பூத்து, ஹீட்டர் திணறும். மூன்று, நாலு நீல சிலிண்டர்களை இணைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் எல்.பி.ஜி வைத்திருக்கலாம். அதாவது, 19 கிலோ சிலிண்டர் ஐந்து. இந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் பட்டாசு ஆலைகளுக்கும் உரிமம் கொடுக்கிறது. அதன் அலுவலகம் ஒன்று சிவகாசியிலேயே இருக்கிறது.

குளோரின் பவுடர் டப்பாவையும் ஹீட்டர் பக்கத்தில் அடுக்கக் கூடாது. பட்டாசு ஆலையில் வெடியுப்பையும் கரித்தூளையும் ஒரே ரூமில் வைக்க மாட்டார்கள் இல்லையா? குளோரின் பவுடரும் வெடியுப்பு மாதிரி நெருப்புக்குத் தீனி போடும் ஜாதிதான்.

குளம் இல்லாதவர்களுக்கு...

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர், பாத்ரூமில் கேஸ் கீசர் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும் வீடுகள் இப்போது நிறைய. இங்கேயும் சோலார் டேங்கிலிருந்து வரும் தண்ணீரை கீசருக்குள் விட்டு, குறைவதை மட்டும் கேஸால் ஏற்றலாம். ஆனால் உள்ளே வரும் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத் தீயைக் குறைத்துக்கொள்ளும் கீசராக இருக்க வேண்டும். எல்லா மாடலும் அப்படி இல்லை. கடைக்காரரிடம் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த வசதி இல்லாத கீசர் என்றால், வெயில் நாளில் கீசருக்குப் போகாமல் நேரே பக்கெட்டுக்கு வரும்படி ஒரு வால்வு போட்டால் போதும். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்கள். ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிக்கும்போது தீ எரிய ஆக்சிஜன் போதாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு வாசனை கிடையாது. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் கை கால் ஓயும். நம் நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் குளிக்கப் போனவர்கள் கதவு உடைத்துத் தூக்கப்படும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கேஸுக்குப் பதில் ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஏ.சி-யைத் திருப்பிப் போட்டது மாதிரி, காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடும். ஒரு யூனிட் கரண்டுக்கு நாலைந்து யூனிட் சூடு கிடைக்கும். நம் ஊர்க் காற்றே வெதுவெதுப்பு என்பதால் நன்றாகவே ஓடும். முதலீடு அதிகம், சூடேற நேரமும் ஆகும். தினமும் வருஷம் முழுக்கச் சூடு வேண்டும் என்றால் நான் அதைத்தான் பார்ப்பேன். வருஷத்தில் பதினைந்து, இருபது நாள் மட்டும் அவசரத்துக்கு என்றால் கேஸ் பரவாயில்லை.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். கவர் வந்துவிட்டது. மூடி வைத்த மூன்றாம் நாளே காலையில் தெர்மாமீட்டர் ஒன்றரை டிகிரி கூடக் காட்டியதாம். மாடியில் பாய் விரிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார். கேஸ் ஹீட்டருக்கு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், திறந்த இடத்தில் சிமென்ட் மேடை போட்டாயிற்று. ஹீட்டர் வாங்குவது பாய் ஓடி ஒரு கார்த்திகை போன பிறகுதான், தேவைப்பட்டால் மட்டும்.

"பெரியம்மா இறங்குனாங்களா?" என்று கேட்டேன்.

"இடுப்பு வரைக்கும் இறங்கிட்டா. இன்னும் ரெண்டு டிகிரி கேக்குறா."